அபிதகுசாம்பாளின் மகிழ்ச்சி

தூறல் விழுந்ததும் முதலில் ஓடிப்போய்ப் பாவுக் கோலைப் பிடித்தவன் நான்தான் சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாவு என்றால் நெய்வதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல். நனைந்தால் சிக்கிக்கொள்ளும், ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. அதனால் ஆரணியில் ஒரு வழக்கம். "மழ... மழ..." என்று ஒரு குரல் கேட்டால் போதும். சோற்றில் கை வைத்தவன், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, எல்லோரும் போட்டது போட்டபடி வந்து ஆளுக்கொரு கோலைப் பிடித்துச் சுருட்ட வேண்டும். வீட்டுக்குள் ஒருத்தர்கூடத் தங்க மாட்டார்கள். இரண்டு வருஷம் அந்தத் தெருவுக்குப் போய்வந்ததில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

போனது அபிதகுசாம்பாளுக்காக. வாரப் பத்திரிகைகளில் கதை எழுதுவாரே, அந்தம்மா. பகலில் தறி, மிச்ச நேரத்தில் கதை. புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே பெண் லாவண்யா, எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். தீபாவளிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அந்தம்மா இருந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுதிய கதைகள்தான் பேர் வாங்கின.

அவர் வாழ்க்கையைப் பாசிட்டிவ் சைக்காலஜி வழியாகப் பார்ப்பது என் பிஎச்.டி. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மனுஷன் ஏன் உடைகிறான் என்று பார்ப்பது பழைய உளவியல். உடையாமல் எப்படித் தழைக்கிறான் என்று பார்ப்பது இது. 2000க்கு அப்புறம் நம் பக்கம் வந்த சரக்கு. இந்த ஜில்லாவில் அதைத் தொட்ட முதல் ஆள் நான். மகளின் சாவு அவரை உயர்த்தியது, இன்று நிறைவாக இருக்கிறார் என்பது என் முடிவு. 'என் வாழ்க்கை எனக்குத் திருப்தி தருகிறது, ஆமா இல்லையா' என்று வாசித்துக் காட்டினால் அந்தம்மா சிரிப்பார். சிரிப்பை மகிழ்ச்சி என்று குறித்துக்கொண்டேன். வேறு எப்படிக் குறிப்பது?

ஆய்வேட்டை அவரிடம் கொடுத்ததில்தான் வம்பு. மரியாதைக்குக் கொடுத்தேன். கதை எழுதுகிறவர்கள் அடுத்தவர் எழுத்தைப் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். இந்தம்மா வரிவரியாகப் படித்திருக்கிறார்.

"இன்னா தம்பி இது? எம் பொண்ணு செத்ததுல எனக்கு இன்னா லாபம்னு எழுதிகினு இருக்கியா?"

"லாபம்னு சொல்லலைம்மா. வளர்ச்சி."

"யாரு வளந்தா? அவ இல்ல வளந்திருக்கணும்? அந்தப் பொடவய அறுத்த கைய வெட்டிக்க முடியல, அதான் எழுதறேன். நெறைவாம் நெறைவு."

"நீங்க அடக்கமாப் பேசறீங்க."

"உன் வைவாக்கு யாரு வேணா வரலாமாமே? நானும் வரேன். நா சந்தோஷமா இல்லன்னு எழுந்து நின்னு சொல்றேன். பட்டம் எப்படித் தராங்கன்னு பாக்கறேன்."

வைவா, அதாவது எல்லோர் முன்னாலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு, அடுத்த வெள்ளிக்கிழமை. கல்லூரியில் எனக்கு நிரந்தர வேலை அந்தப் பட்டத்தை நம்பித்தான். மேஜையில் கிடக்கிற தவளை எழுந்து உட்கார்ந்து விலங்கியல் வாத்தியாரைத் திட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கோபத்தில் அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பழைய ஆஸ்துமா, தெருவுக்கே தெரியும். நீல நிறத்தில் ஒரு பம்ப் டிவி மேல் இருக்கும். வாயில் வைத்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் "மழ... மழ..." என்று சத்தம்.

ஓடினேன்.

பாவு எதிர்வீட்டுப் பச்சையம்மாளுடையது. நான் நின்ற இடத்திலிருந்து அந்தம்மா வீட்டு வாசல் நேராகத் தெரியும். நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பேச்சு வரவில்லை. கையைத் தூக்கி ஆட்டினார்.

"இன்னா சார், அக்கா கைய ஆட்டிகினு கீது?" என்றாள் பச்சையம்மாள், நூலிலிருந்து கவனத்தை எடுக்காமல்.

"மழை வலுக்குதாம். ஜல்தியா சுத்தச் சொல்றாங்க."

"அதுக்கு நல்ல மனசு சார்" என்று அவளும் ஜல்தியாகச் சுருட்டினாள். ஓர் இழைகூட நனையவில்லை.

வைவா நன்றாக நடந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்து நின்று அந்தம்மாவுக்கு மௌன அஞ்சலி, ஏற்பாடு என்னுடையது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், "கடைசிவரை நிறைவாக இருந்தாரா?" என்று கேட்டார். "என் கண்ணால் பார்த்தேன்" என்றேன். கைதட்டினார்கள். படித்தவர்களை நம்பவைப்பது பச்சையம்மாளை நம்பவைப்பதைவிடச் சுலபம்.

அவள்தான் இத்தனை நாளாகப் பம்பைத் தேடிக்கொண்டிருந்தாளாம், நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. டிவி மேல் பார்த்திருப்பாள். கட்டிலுக்கு அடியில் பார்த்திருப்பாள். அங்கெல்லாம் எப்படி இருக்கும்? ஓடுவதற்கு முன் எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோல் பிடித்து நிற்கும்போது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்ததை அந்தம்மா பார்த்தார். என் பையைப் பார்த்துத்தான் கையை ஆட்டினார்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். சரிந்து விழுந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை சார். நான் திரும்பி வந்து கொடுப்பேன் என்று கடைசிவரை நம்பியிருக்கிறார். எந்த நிலையிலும் நம்பிக்கை இழக்காத மனுஷி என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேனே, அது எவ்வளவு சரி என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.