மருமகன் திருந்திய கதை

இஞ்சித் தேநீருக்குச் சீனியைக் கொஞ்சம் தாராளமாகவே போட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டால் காரம் தொண்டையைப் பிடிக்கும்.

எங்கள் பெரியகல்லாற்றில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகள் வதனிக்குக் கலியாணமானதும் கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக் குடிலுக்கு மாறினேன். மருமகன் பிரதீஸ் அந்த வீட்டில் வந்து இருந்தான். என் காலத்துப் பெண்கள் மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. எதுவென்றாலும் மகள் வழியாகத்தான்.

அவன் வாவியில் வலை போடுகிறவன். குடிப்பான். ஒருநாள் வதனியின் கையை முறித்தான். அந்த நாட்களில் அவள் ஓடி வருவது என்னிடம்தான்.

பிறகு அவன் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தான். இரண்டரை வருடம் சாராயத்தைத் தொடவில்லை என்றார்கள். வதனி பின்வளவுக்கு வருவது குறைந்துபோனது.

நான் நம்பவில்லை. அவன் சிரித்தால், சாராயம் உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தேன். பேசாமல் இருந்தால், மறைக்கிறான் என்று நினைத்தேன். கழற்றிப் போட்ட சேர்ட்டை எடுத்து மணந்து பார்ப்பேன். மீன் மணம் மட்டும்தான் வரும். கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

அதனால் சோதித்துப் பார்த்தேன். அவன் வலைக்குப் போகுமுன் தேநீர் கொடுத்தனுப்பினேன். முன்வாசலில் அவன் பேசியது எனக்குக் கேட்டது.

"வதனி, மாமிக்கு என்னில இரக்கம் வந்திட்டுது போல. மழைதான் வரப்போகுது."

"சும்மா குடிங்க. அவவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும் புள்ள. நல்லாத்தானே சொல்றன்."

ஒரு கிழமை, ஏழு நாளும், வெறும் இஞ்சி. அடுத்த கிழமை ஒரு கரண்டி சாராயம் சேர்த்தேன். மூன்றாம் நாள் அவன் என் கதவடியில் வந்து நின்றான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"மாமி, இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"இஞ்சி."

"என்னை நம்பாட்டியும் பறவாயில்ல. இதை மட்டும் செய்யாதீங்க. எனக்குத் தாங்கேலாது. ரெண்டு நாளா அந்த நினைப்பாவே கிடக்கு."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். வதனியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவனுக்கு ருசி மறக்கவில்லை, பாருங்கள். எனக்கு அந்தச் சாட்சி போதுமாக இருந்தது.

அதன்பிறகு அவன் என் தேநீரைத் தொடவில்லை. களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில் போய் ஒரு போத்தல் சாராயம் வாங்கினேன். வரிசையில் நின்ற ஆண்கள், கிழவி என்று வழி விட்டார்கள். வெள்ளிக்கிழமை அவன் குளிக்கும் நேரத்தில் அதைத் தோணியில், வலைக்கு அடியில் வைத்தேன். அன்று காற்றும் கூடுதலாக இருந்தது.

சனிக்கிழமை தோணி தனியே கரை ஒதுங்கியது. போத்தல் வெறுமையாகக் கிடந்தது. அவனை ஞாயிற்றுக்கிழமை வாவியிலிருந்து எடுத்தார்கள். வதனி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

போத்தல் எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்டீர்கள். வைத்தது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் முத்திரை உடைக்காமல்தான் வைத்தேன். அவன் உண்மையாகவே திருந்தியிருந்தால் அது அப்படியே திரும்பி வந்திருக்கும். நானும் அன்றைக்கே அவனை நம்பியிருப்பேன்.