நெவென்காவின் கைமணம்

மெதோதி: சிரிக்காத. சிரிக்கறதுக்காக உன்னைக் கூப்பிடல.

ராட்கோ: சிரிக்கல சார்... பன் கீழ விழுந்துச்சு, டைல்ஸ் கீறல் விட்டுடுச்சு. பன்னுக்கு ஒண்ணும் ஆகல. அதான்...

மெதோதி: ஓவன்ல கோளாறு. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தை நடத்துனவன் நான். ஒரு கிலோ மாவு என் பேச்சைக் கேக்காதா? ஓவன்தான். நீ டிராக்டர் மெக்கானிக்தானே, பாரு.

ராட்கோ: டிராக்டர்ல நாங்க பன் சுட்டதில்லையே.

மெதோதி: பாருன்னா பாரு.

ராட்கோ: ம்... சூடு ஏறுது. கதவு நல்லா மூடுது. ரப்பர்கூடப் புதுசா... சார், இது எப்ப வாங்கினது?

மெதோதி: பத்தொன்பது வருஷம் இருக்கும். ஏன்?

ராட்கோ: இல்ல... கீழ் டிராயர்ல ரெண்டு தட்டு கிடக்கு. கம்பெனி பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்ல.

மெதோதி: அதுதான் என் பொண்டாட்டி நெவென்கா. பொருளைப் பேணும் பண்பு அவளோட கூடப் பிறந்தது.

ராட்கோ: ரொம்பத்தான் பேணியிருக்காங்க.

மெதோதி: இங்க சுட்டா எனக்குத் தூக்கம் கெடும்னு கீழ நிலவறையில சுடுவா. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சரைக்கு இறங்குனா, எட்டரைக்குத் தட்டோட மேல வருவா. உனக்குத் தெரியாததா? உன் நிலவறை பக்கத்துலதானே. நடுவுல வெறும் பலகைத் தடுப்பு.

ராட்கோ: வாசனை வரும் சார்... அவ்வளவுதான்.

மெதோதி: நாளைக்கு அவ போய் நாப்பதாவது நாள். பத்து மணிக்குக் கல்லறை. வந்ததும் இந்தக் கட்டடத்துல இருக்கற பதினெட்டு வீட்டுக்கும் பன் குடுக்கணும். வீட்டுக்கு ரெண்டு.

ராட்கோ: கடையில வாங்குங்களேன். பிஸ்கட் பாக்கெட்டு, ஒரு கப் வேகவச்ச கோதுமை. எல்லாரும் அதைத்தான் குடுக்கறாங்க. வாங்கிக்கறவங்க 'கடவுள் மன்னிக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. யாரு கேக்கப் போறா?

மெதோதி: நினைவஞ்சலி நோட்டீஸ்ல போட்டாச்சு.

ராட்கோ: படிச்சேன். ஊரே படிச்சுது. வாசல்ல ஒண்ணு, பேக்கரிப் பக்கத்து மரத்துல ஒண்ணு, பஸ் ஸ்டாப்புல ரெண்டு. அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு பஸ் போயிடுச்சு.

மெதோதி: சுருக்கமாத்தான் எழுதினேன்.

ராட்கோ: செத்தவங்க போட்டோ தபால்தலை சைஸ்ல இருக்கு சார். மிச்சமெல்லாம் நீங்க.

மெதோதி: "ஞாயிறுதோறும் வைகறையில் எழுந்து, தன் பொன்னான கைகளால் மாவு பிசைந்து, கணவனின் காலைப்பொழுதை இனிமையாக்கிய எங்கள் நெவென்கா..." இதுல எந்த வார்த்தையை வெட்டுவ, சொல்லு.

ராட்கோ: அது கிடக்கட்டும். கடைசி வரி. "அன்னாரது கைமணம் மாறாத சுருள் பன்கள் வழங்கப்படும்." அன்னார் மண்ணுக்குள்ள இருக்காங்க... கைமணம் எப்படி சார் மாறாம வரும்?

மெதோதி: செய்முறை ஆவணமா இருக்கு.

ராட்கோ: அவங்க எழுதி வச்சாங்களா?

மெதோதி: நான் எழுதினது. இரண்டாயிரத்து நாலுல, நம்ம ஊர் வாரப் பத்திரிகையில. "என் இல்லத்தரசியின் சுருள் பன்: ஒரு பண்பாட்டுப் பார்வை." மூணு வாரம் தொடர்ந்து வந்துச்சு.

ராட்கோ: இருங்க... கட்டுரையைப் பாத்தா பன் சுடறீங்க?

மெதோதி: ஏன், கட்டுரைக்கு என்ன? வாசகர் கடிதம் நாலு வந்துச்சு.

ராட்கோ: குடுங்க பாப்போம். "மாவு என்பது வெறும் மாவன்று. அதில் அன்பும் கலத்தல் வேண்டும்." எத்தனை கிராம் சார்?

மெதோதி: அது உருவகம்.

ராட்கோ: சரி. முதல் வாரத்துல ஈஸ்ட்டைப் பத்திப் பேச்சில்ல. ரெண்டாவது வாரம்... உங்கப்பாவோட ராணுவ சேவை. மூணாவது வாரம்... "இத்தகைய பெண்மணிகளால் அன்றோ நாடு உயர்கிறது." சார், நாடு உயருது. மாவு உயர்றதுக்கு ஒரு வரிகூட இல்ல.

மெதோதி: ஈஸ்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்.

ராட்கோ: உங்களுக்குத் தெரியலையே.

மெதோதி: ...காலைலேர்ந்து மூணு தடவை, ராட்கோ. மூணும் செங்கல். நாளைக்கு அந்த மூணாவது மாடிப் போன்கா வாங்கி மோந்து பாப்பா. மூஞ்சியை ஒரு மாதிரி வச்சுக்குவா. நெவென்கா பேரைச் சொல்லி இந்தக் கல்லைக் குடுத்தா ஊரு அவளை என்ன நினைக்கும்?

ராட்கோ: அவங்களையா, உங்களையா?

மெதோதி: எல்லாம் ஒண்ணுதான்.

ராட்கோ: ...தள்ளுங்க.

மெதோதி: எங்க போற?

ராட்கோ: கையைக் கழுவிட்டு வரேன். மாவை எடுத்து வைங்க. பாலும்.

மெதோதி: பாலு தயாரா கொதிக்குது.

ராட்கோ: கொதிக்கற பால்ல ஈஸ்ட்டைப் போட்டா அதுக்கும் நீங்க நாப்பதாம் நாள் கும்பிடணும். ஆற விடுங்க. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டா சூடும் தெரியக் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது. எலுமிச்சை இருக்கா? மேல் தோலை மட்டும் துருவுங்க. வெள்ளை பட்டா கசக்கும். வெண்ணெய் வேணாம், உள்ள வைங்க. பன்றிக் கொழுப்பு எடுங்க.

மெதோதி: வெண்ணெய்னுதான் எழுதியிருக்கேன்.

ராட்கோ: அது உருவகமா இருக்கும்.

மெதோதி: ...பலகை வழியா இதெல்லாம் வருமா?

ராட்கோ: எதெல்லாம்?

மெதோதி: வாசனை வரும்னியே. எலுமிச்சைத் தோல்ல வெள்ளை படக் கூடாதுங்கறது எப்படி வாசனையில வரும்?

ராட்கோ: அது... பலகையில இடுக்கு இருக்கு சார். எப்பவாவது கண்ணுல படும்.

மெதோதி: ம். பிசை. நல்லாத்தான் பிசையற. தோள்லேர்ந்து வருது.

ராட்கோ: டிராக்டர் பழக்கம்.

மெதோதி: டிராக்டரைப் பிசைவியா?

ராட்கோ: வால்நட்டை உடைங்க சார், சும்மா நிக்காம. ரோஜா ஜாம் இருக்கா?

மெதோதி: மூணு பாட்டில் இருக்கு. போன வருஷம் போட்டது.

ராட்கோ: நல்லது. அது மட்டும் அவங்களே போடுவாங்க...

மெதோதி: அது மட்டும்னா?

ராட்கோ: ...ஜாமைச் சொன்னேன்.

மெதோதி: ஜாமைத்தான் சொன்ன. 'அது மட்டும்'னும் சொன்ன.

ராட்கோ: ஒரு பழைய கம்பளிக் கோட்டு குடுங்க. பாத்திரத்தை மூடணும். ஜன்னலைச் சாத்துங்க, காத்து படக் கூடாது. இனிமே ஒன்றரை மணி நேரம் மூச்சு விடக் கூடாது, மாவு அமுங்கிடும்.

மெதோதி: என்ன மூடநம்பிக்கை இது. அறிவியல்படி, நொதித்தல் என்பது...

ராட்கோ: சார்.

மெதோதி: ...நுண்ணுயிர்கள் சர்க்கரையை உட்கொண்டு...

ராட்கோ: சார். கொஞ்ச நேரம் வாயை மூடுங்க.

மெதோதி: ...

ராட்கோ: ...

மெதோதி: எவ்வளவு நேரம் ஆச்சு?

ராட்கோ: ஒரு நிமிஷம்கூட ஆகல.

மெதோதி: அவ போனதுலேர்ந்து இப்படித்தான். நான் பேசறேன், சுவர் கேக்குது. முன்னாடியும் சுவர்தான் கேட்டுதோ என்னமோ... யாரோ கதவைத் தட்டறாங்க பாரு.

ராட்கோ: போன்காதான். மூணாவது மாடியிலயே மோப்பம் பிடிச்சிருப்பா.

போன்கா: சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும்! நாளைக்குப் பன்னுல வால்நட் போடறீங்களா? என் பல்லு தாங்காது, அதான் முன்கூட்டியே... அடடே, ராட்கோ! கையெல்லாம் மாவு?

ராட்கோ: சாருக்கு ஒத்தாசை.

போன்கா: அந்தப் பலகைமேல அடுக்கி வச்சிருக்கறது என்ன, கறுப்பா?

மெதோதி: ஒண்ணுமில்ல. ஆய்வுக்காக வச்சிருக்கேன்.

போன்கா: நோட்டீஸ் படிச்சு அழுதுட்டேன் சார். பாதிதான் படிச்சேன், அதுக்கே அழுதுட்டேன். பொன்னான கைன்னு போட்டிருந்தீங்களே, சத்தியமான வார்த்தை. இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல படியில பாப்பேன், தட்டைத் தூக்கிட்டு வருவாங்க. கையில ஒரு பொட்டு மாவு ஒட்டியிருக்காது. நகத்துல கூட! என்னா சுத்தம்! சரி, எனக்கு வால்நட் இல்லாம ரெண்டு.

மெதோதி: போயிட்டாளா?

ராட்கோ: போயிட்டா.

மெதோதி: போன்காவுக்கே கண்ணுல பட்டிருக்கு.

ராட்கோ: அவ கிடக்கா.

மெதோதி: நாளைக்கு உன் வீட்டுக் கதவையும் தட்டுவேன். ரெண்டு பன் குடுப்பேன். நன்றி சொல்லக் கூடாது. 'கடவுள் அவளை மன்னிக்கட்டும்'னு சொல்லணும். சொல்லுவியா?

ராட்கோ: எல்லாரும் சொல்றதுதானே.

மெதோதி: நீ சுட்ட பன்னை நீயே வாங்கிக்கிட்டு?

ராட்கோ: ...சொல்லுவேன்.

மெதோதி: எதுக்காக அவளை மன்னிக்கணும்?

ராட்கோ: சார், மாவு...

மெதோதி: கிடக்கட்டும் மாவு. எங்க நிலவறையில அடுப்பே இல்ல, ராட்கோ. ஊறுகாய் பாட்டில் இருக்கு, சைக்கிள் இருக்கு, வித்துப்போகாத என் புத்தகம் நானூறு இருக்கு. புகைக்குழாய் உன் பக்கத்துலேர்ந்துதான் வெளியே போகுது. பேசு. அமுங்கினா அமுங்கட்டும்.

ராட்கோ: தப்பா நினைக்காதீங்க சார். ஒரு நாள்கூட என் கை அவங்க மேல பட்டதில்ல.

மெதோதி: பன் யாரு சுட்டது?

ராட்கோ: ...நான்.

மெதோதி: எத்தனை வருஷமா?

ராட்கோ: இருபத்தாறு. ஊறுகாய் எடுக்க வந்தவங்க, வாசனைக்கு எட்டிப் பாத்தாங்க. ஒண்ணு குடுத்தேன். அங்கயே முக்காலியில உக்காந்து பாதி தின்னாங்க. மீதியைக் கையில வச்சுக்கிட்டே தூங்கிட்டாங்க.

மெதோதி: தூங்கினாளா?

ராட்கோ: அடுத்த ஞாயிறும் வந்தாங்க. அப்புறம் எல்லா ஞாயிறும். முக்காலியிலேர்ந்து விழுந்துடப் போறாங்கன்னு ஒரு பழைய டிராக்டர் சீட்டைக் கொண்டாந்து போட்டேன். மாவு பொங்கற ஒன்றரை மணி நேரமும் தூங்குவாங்க. மாவு மேல ஒரு கோட்டு, அவங்க மேல ஒரு கோட்டு.

மெதோதி: அப்புறம்?

ராட்கோ: அப்புறம்னு ஒண்ணும் இல்ல. சத்தம் கேட்டா மாவு அமுங்கிடும்னு நான்தான் சொல்லி வச்சேன். பேசணுமேன்னு அவங்க சங்கடப்படக் கூடாதுன்னு. பொய் சார் அது. மாவுக்குக் காது ஏது? எந்திரிச்சதும் தட்டைக் குடுத்து அனுப்புவேன். வீட்டுல என்ன சொல்றதுன்னு முதல் நாள் ரொம்பப் பயந்தாங்க. ஆனா பொய் சொல்லவே வேண்டி வரலையாம். தட்டைக் கீழ வைக்கறதுக்குள்ள நீங்களே பொன்னான கைன்னு ஆரம்பிச்சிட்டீங்களாம்.

மெதோதி: என்னைப் பத்தி வேற என்ன சொல்லுவா?

ராட்கோ: வேணாம் சார்.

மெதோதி: சொல்லு.

ராட்கோ: ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின ஞாயிறு. "உன் கையில ஏன் மாவு இல்லைன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டார்னா போதும், எல்லாத்தையும் சொல்லிடுவேன். கேக்க மாட்டேங்கறாரே"ன்னாங்க. எல்லாத்தையும்னா என்னன்னு நான் கேக்கல.

மெதோதி: கேக்காதது நல்லது.

ராட்கோ: எனக்கு மனசு ஆறல சார். இருபத்தாறு வருஷம். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் நீங்க. பொண்டாட்டி எங்க போறா, எதுக்குப் போறான்னு ஒரு நாள்கூடவா தோணல?

மெதோதி: ஃபியூஸ் போச்சே ஒரு டிசம்பர்ல, ஞாபகம் இருக்கா? டார்ச்சை எடுத்துக்கிட்டு இறங்கினேன். பலகையில இடுக்கு இருக்குன்னியே... எனக்கும் கண்ணு உண்டு. அந்த டிராக்டர் சீட்டுல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்தா. கல்யாணமான புதுசுல அப்படித் தூங்குவா. நீ முதுகைக் காட்டிட்டு அடுப்புல விறகு போட்டுட்டிருந்த. டார்ச்சை அணைச்சுட்டு மேல வந்து படுத்துட்டேன்.

ராட்கோ: அப்ப... அந்தக் கட்டுரை?

மெதோதி: அடுத்த மாசம் எழுதினது. மறுவருஷம் இந்த ஓவனை வாங்கினேன், மேலயே இருப்பாளேன்னு. அவ தட்டோட உறையைக்கூடப் பிரிக்கல. இன்னிக்கு ஓவன் கோளாறுன்னு உன்னைக் கூப்பிட்டேனே, எதுக்குன்னு நினைச்ச? அவ கைமணம் வேணும்னா வேற யாரைக் கூப்பிடறது?

ராட்கோ: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு... ஏன் சார் கேக்கல? ஒரே ஒரு வார்த்தை. அதுக்குத்தானே அவங்க காத்துக்கிட்டிருந்தாங்க!

மெதோதி: கேட்டா சொல்லிடுவாளே, ராட்கோ... நான் வாயை மூடினா அவ திறந்துடுவாளோன்னு பயம். அதான் நிறுத்தவே இல்ல. கடைசி நாள் ஆஸ்பத்திரியில கையை லேசாத் தூக்கினா. ஏதோ சொல்ல வர்றான்னு புரிஞ்சுது. பேப்பரை விரிச்சு வானிலை அறிக்கையைச் சத்தமா வாசிச்சேன்... அந்தக் கை கீழ இறங்கற வரைக்கும் வாசிச்சேன்.