உறங்குகிறார் என்று எழுதாதீர்கள்

இந்த மரித்தோர் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, என் பேச்சுக்கு இருபதே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட தலைவர் அவர்களே! ஆறுதல் சொல்லிச் சொல்லியே குரல் கம்மிப்போன போதகர் ஐயா அவர்களே! சபையின் பாரத்தைச் சலிக்காமல் சுமக்கும் மூப்பர்களே! கண்ணீரை அடக்கிக்கொண்டு, கைக்குட்டையை மடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பெற்றோரைப் புதைத்த மண்ணின் ஈரம் இன்னும் காயாத பிள்ளைகளே! மூன்றாம் வரிசையில், தூணோரம் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம், என் தோத்திரம்.

பின்னால் கேட்கிறதா? கேட்கிறதாம். நல்லது.

மரித்தபின் ஆத்துமா எங்கே? இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒன்பது ஆண்டுகளாக இதே மேடையில், இதே தலைப்பில் முழங்கியிருக்கிறேன். மூச்சு நிற்கலாம், முடிவு வருமா? மண் மூடலாம், மகிமை மறையுமா? உடல் மண்ணில் உறங்குகிறது, ஆத்துமா ஆண்டவரிடம் விழித்திருக்கிறது, கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும்போது இரண்டும் சேர்ந்து எழும் என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் கை தட்டியிருக்கிறீர்கள். இன்றைக்குத் தட்ட வேண்டாம். கேட்டால் போதும்.

உங்களில் பலருக்கு கேட் அண்ணனைத் தெரியும். நான் மேற்பார்வையாளனாக இருக்கும் கிடங்கின் வாசலில் இருபத்திரண்டு ஆண்டுகள் காவல் காத்தவர். வருகிற லாரியின் எண்ணைத் தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார், சத்தத்தை வைத்து. சென்ற ஆண்டு அவர் காலமானார். அவருடைய கல்லறைக்குச் சபை ஒரு கல் நாட்டுவதாக முடிவானது. அதில் என்ன எழுதுவது என்று பேச, மூன்று வாரத்துக்கு முன் குழு கூடினோம். போதகர் ஐயா, மூப்பர் இருவர், கல்வெட்டுகிறவர், குழுச் செயலாளனாகிய நான். எதிரே, நாற்காலி நுனியில், அவர் மனைவி, நம் அண்ணி.

வழக்கமான வாசகத்தை நான்தான் வாசித்தேன். "இங்கே கர்த்தருக்குள் உறங்குகிறார்."

"அது வேண்டாங்க" என்றார்கள் அண்ணி.

"ஏம்மா? எல்லாக் கல்லுலயும் அதுதானே இருக்கு?" என்றார் தையற்கடை மூப்பர்.

"எல்லாக் கல்லுலயும் இருக்கட்டும். இவருக்கு வேண்டாம். உறங்குறார்னு மட்டும் போடாதீங்க."

மூப்பருக்குக் கொள்கை என்றால் உயிர். சும்மா விடுவாரா? "ஆத்துமாவும் உறங்கத்தாம்மா செய்யுது. கடைசி எக்காளம் ஊதுற வரைக்கும் யாருக்கும் முழிப்பு கிடையாது" என்றார்.

"எக்காளமா? தெருமுனையில லாரி ஹாரன் கேட்டாலே எந்திரிச்சு நிக்கிற மனுஷன் அவரு!"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை.

போதகர் ஐயா பொறுமையாக விளக்கினார். விசுவாசிகளுக்குள்ளேயே இதில் மூன்று எண்ணம் உண்டு என்றார். ஆத்துமாவும் உறங்குகிறது என்பார் சிலர். அது கழுவப்பட்டுத் தூய்மையாகும் இடம் ஒன்று உண்டு, நம் ஜெபம் அங்கே உதவும் என்பார் சிலர். நம் சபையோ, சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு அன்றே தம்மோடு இருக்க இடம் கொடுத்தாரே ஆண்டவர், அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்கள். "எனக்கு அவ்வளவு தெரியாதுங்க ஐயா. அவரு இப்ப முழிச்சிருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முழிச்சிருக்காரும்மா" என்றார் போதகர்.

"அப்ப அதையே எழுதச் சொல்லுங்க."

கல்வெட்டுகிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "முப்பது வருஷமா கல்லு வெட்டுறேன். முழிச்சிருக்கார்னு யாரும் கேட்டதே இல்லையே" என்றார்.

அப்போதுதான் அண்ணி காரணத்தைச் சொன்னார்கள். "உறங்கினார்னு ஏற்கெனவே ஒரு தடவை எழுதிட்டாங்கய்யா. தாள்ல. அதைக் காட்டித்தான் அவரை வேலைய விட்டு அனுப்பினாங்க. ரெண்டு மாசம் தின்னும் தின்னாமலும் சுவத்தைப் பாத்துட்டே கிடந்தாரு. நான் தூங்கலடி, நான் தூங்கலடின்னு சொல்லிட்டேதான் போனாரு. கடைசியா ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்த டாக்டர், ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு அட்டாக் வந்திருக்கே, கவனிக்கலையான்னு கேட்டார். தாள்ல எழுதினது போதும். கல்லுலயும் வேண்டாம்."

எழுதியது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. சபையோரே, அந்தத் தாளின் அடியில் கையெழுத்து இருக்கிறது. அண்ணிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எழுதியவன் நான்!

சலசலப்பு கேட்கிறது. இருக்கட்டும். தலைவரே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதை எழுதிய அன்று, மதியம் இரண்டரை மணி. லாரி இரண்டு முறை ஹாரன் அடித்தும் கேட் திறக்கவில்லை. இறங்கிப் போனேன். வருகைப் பதிவேட்டின்மேல் தலை சாய்ந்திருந்தது. விரல்களில் பேனா. சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வையைப் பார்த்தேன், சபையோரே, பார்த்தேன்! தோளைத் தட்டினேன். மெல்ல நிமிர்ந்து, "கண்ணைக் கட்டிட்டு வந்துச்சு சார்" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மனிதர். லாரிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற மிதப்பில், "தூங்குறதுன்னா வீட்ல போய்த் தூங்குங்க" என்று சொன்னேன். மேலே போய் ஒரு வரி எழுதினேன். பணி நேரத்தில் உறங்கினார். அரை நிமிடம் ஆகியிருக்காது.

குழு கலைந்து வீடு திரும்பியபோது எனக்குள் எழுந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூப்பர் சொல்வதே சரியாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்! ஆத்துமா உறங்கினால் எனக்கு எவ்வளவு வசதி! அவருக்கு எதுவும் தெரியாது, எதுவும் நினைவில்லை, நான் தப்பித்தேன். ஆனால் விழித்திருந்தால்? நான் பேசிய பேச்சை, எழுதிய வரியை, பார்த்தும் பாராததுபோல் விட்ட வியர்வையை அறிந்தவராக, ஆண்டவரின் பக்கத்தில் விழித்திருந்தால்?

ஒன்பது ஆண்டுகள் முழங்கினேனே, ஒரு நாளாவது நம்பினேனா? நம்பியிருந்தால் அந்தப் பேனாவை அப்படிப் பிடித்திருப்பேனா? இறந்தவரை மறுபடி சந்திப்போம் என்று சொல்லி எத்தனை பேரின் கண்ணீரைத் துடைத்திருக்கிறோம்! சந்திக்கும்போது என்ன முகத்தோடு சந்திப்போம் என்று எண்ணினோமா? அன்னையைச் சந்திப்போம், ஆம். அப்பனைச் சந்திப்போம், ஆம். நாம் அவமானப்படுத்தி அனுப்பியவரையும் சந்திப்போம், சபையோரே! நியாயத்தீர்ப்பு நாள் எங்கோ தூரத்தில் இருக்கிறதென்று நினைத்தேன். நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்து, அவர் முழிச்சிருக்காரா என்று அது என்னைக் கேட்டுவிட்டது.

நேற்று அலுவலகத்தில் இரண்டாவது கடிதம் கொடுத்தேன். அவர் உறங்கவில்லை, நோயில் மயங்கினார், நான் தவறாக எழுதினேன் என்று எழுதி அதே கையெழுத்தைப் போட்டேன். மேலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இப்ப எதுக்குங்க இது? செத்துப்போனவர் வந்து படிக்கவா போறாரு?" என்றார். "படிப்பார் சார்" என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த விசுவாச அறிக்கை அந்த இரண்டு சொல்தான். மற்றதெல்லாம் மேடைக்கு அலங்காரம்.

அண்ணி, இத்தனை பேர் அறிய உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

எழுந்து நிற்கிறார்கள். யாராவது மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேண்டாமாம். சொல்லுங்கள் அண்ணி.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "என்கிட்ட எதுக்குத் தம்பி கேக்குறீங்க? அவருதான் முழிச்சிருக்காரே, அவருகிட்டயே கேளுங்க" என்கிறார்கள்.

போதகர் ஐயா, இறந்தவரிடம் பேசுவது நம் சபையின் வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். தலையாட்டுகிறீர்கள். நன்றி ஐயா.

கேட் அண்ணே. நீங்க தூங்கலண்ணே. வேர்வையப் பாத்தேன், பாத்துட்டேதான் எழுதினேன். மன்னிச்சிருங்கண்ணே.

இதோடு முடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் போதகருக்கும் மூப்பர்களுக்கும், என்னோடு சேர்ந்து அழுகிற தாய்மார்களுக்கும் நன்றி. கல்வெட்டுகிற ஐயா, அண்ணி சொன்ன சொல்லையே நாளைக்கு வெட்டத் தொடங்குங்கள், செயலாளனாக நான் கையெழுத்துப் போடுகிறேன். எல்லோருக்கும் என் வணக்கம்.