லாசர் எழுந்திருக்கும் முன்

திண்டிவனத்தில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது.

“பைபிள்ல தெனமும் லாசர் கதையத்தான் படிக்கிறேன். ஆனா அவன எழுந்திருக்க விடறதில்ல.”

சொன்னவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் துணிப்பை. பக்கத்தில் அவளுடைய நாத்தனார்.

“என்ன அண்ணி பேசறீங்க? செத்தவன் கல்லறைய விட்டு வர்றதுதான கதையே.”

“அதுக்கு முன்னால சேசு அழுவுறாருல்ல, அதோட மூடிடுவேன்.”

“முழுசா படிச்சாதான் மனசு தேறும்னு சாமியார் சொன்னாரே. நம்ம பையன் போயி இன்னியோட வருஷமாவுது. சாயங்காலம் வீட்டு ஜெபத்துல நீங்கதான வாசிக்கணும்.”

“நீயே வாசிச்சுடு.”

“ஏன் அண்ணி?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அழுவுற வரைக்கும் அவரு எங்கூட ஒக்காந்துக்கினு இருக்காரு. அப்புறம் எழுந்து போயி அவங்க வூட்டுப் புள்ள லாசர எழுப்பிடறாரு. எம்புள்ள அப்படியே கெடக்கறான்.”

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது, நாத்தனார் துணிப்பையிலிருந்து பைபிளை எடுத்து, அடையாளத்துக்குத் துண்டுக் காகிதம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள்.

“எது வரைக்கும்னு காட்டுங்க அண்ணி. நானும் அங்கியே நிறுத்திடறேன்.”