மூணாந்தட்டு

இல்ல சித்தப்பா, உள்ள வரலை. வாசல்லயே நிக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா உங்ககிட்டத்தான் வாரேன். காப்பியெல்லாம் போட வேண்டாம்னு சொல்லுங்க. ஆமா, அந்தப் பாட்டுத் தட்டு விசயந்தான். எனக்கும் எங்க அண்ணனுக்கும் வேற என்ன விசயம் இருக்கு? சிரிக்காதீக. ஊரே சிரிக்கட்டும், நீங்க சிரிக்கக் கூடாது. அறுபத்தஞ்சுல எங்க பள்ளத்தூர் வீட்டுல உக்காந்து ரெண்டு பேருக்கும் பாகம் பிரிச்சு விட்டது யாரு? நீங்கதானே?

வீடு, வயலெல்லாம் ஒழுங்காத்தான் பிரிச்சீக. நான் குறை சொல்லலை. எங்களைப் பெத்த அப்பச்சி பினாங்குலேருந்து கொண்டாந்த தட்டு நாப்பத்தெட்டு. ஆளுக்கு இருவத்திநாலுன்னு சொல்லி, கலைஞ்சு கெடந்ததை அப்படியே அவனுக்கொண்ணு இவனுக்கொண்ணுன்னு ரெண்டு அடுக்கா அடுக்கினீக பாருங்க, அதான் ஏழு வருசமா என் வயித்தெரிச்சல். எந்தத் தட்டுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? ரேடியோகிராம் பொட்டி அண்ணனுக்கு, சுவர்க் கடியாரம் எனக்கு. சரி, போகுது, மதுரையில சின்னதா ஒரு பிளேயர் வாங்கிக்கிட்டேன். தட்டுக்கு எங்க போவேன்?

என் கல்யாணத்தன்னைக்கு மேளக்காரங்க வந்த பஸ்ஸு மானகிரிகிட்ட நின்னு போச்சுல்ல, ஞாபகம் இருக்கா? முகூர்த்தம் தப்பிரும்னு அண்ணன்தான் ஓடிப்போய் நாதசுரத் தட்டைப் போட்டு, தவில் முழங்குற இடமாப் பாத்து முள்ளை வச்சாக. அந்தச் சத்தத்துலதான் தேனம்மை கழுத்துல திருப்பூட்டினேன். அந்தத் தட்டு இப்ப அவுககிட்ட. வெள்ளைக்காரன் டான்ஸுத் தட்டு ஒண்ணு இருக்கு. சின்னப்பிள்ளையில ரெண்டு பேரும் டவுசரோட அதுக்கு ஆடுவோம், ஆத்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாக. அது எங்கிட்ட. தனியா எவன் ஆடுறது? சினிமாப் பாட்டுத் தட்டுல முள்ளை இழுத்துக் கீறினது அவுக, அப்பச்சிகிட்ட அடி வாங்கினது நான். கீறின தட்டும் எனக்கே விழுந்துச்சு! வெள்ளிக்கிழமை விளக்கேத்துறப்ப போடுற முருகன் பாட்டு? அதுவும் அங்குட்டுப் போயிருச்சு.

ஆத்தாவா? சொல்றேன், சொல்றேன். என்னையப் பேச விடுங்க.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டேன். அந்த நாடக செட்டு இருக்கே, மூணு தட்டும் சேந்து ஒரே கதை. அதை யாராச்சும் பிரிப்பாகளா? மொத ரெண்டு தட்டு எனக்கு, மூணாந்தட்டு அவுகளுக்கு. மொதத் தட்டுல செட்டியாரு கப்பலேறுவாரு. ரெண்டாந்தட்டுல புயலு, பொஞ்சாதி கரையில நின்னு அழுவா. மூணாந்தட்டுலதான் கப்பல் வரும். வந்ததும் அந்தப் பொம்பளை அவரை வாங்கு வாங்குன்னு வாங்குவா. அப்பச்சி கப்பலேறினா திரும்பி வர மூணு வருசம். அந்த மூணு வருசமும் ஆத்தாளுக்கு இதுதான் துணை. அந்தப் பொம்பளை பேசுறதையெல்லாம் கூடவே பேசுவாக.

இந்த வருசம் ஆத்தாளுக்கு நிதானம் தப்பிப் போச்சு. சாயங்காலமானா நாடகத்தைப் போடும்பாக. போடுவேன். ரெண்டாந்தட்டு முடிஞ்சதும், சேவுகா, கப்பல் வந்துருச்சாடான்னு கேப்பாக. வந்துருச்சு ஆத்தான்னு வாயால சொன்னா நம்ப மாட்டாக. பொய் சொல்லாதே, தட்டைப் போடும்பாக. நான் எதைப் போட?

போன மாசம் ஆள் விட்டுக் கேட்டேன் சித்தப்பா. ஒரே தட்டு, ஒரே ஒரு நாளைக்கு. அண்ணன் என்ன சொல்லி அனுப்பினாக தெரியுமா? தட்டு வெளிய வராது, அவன்கிட்ட இருக்குற ரெண்டையும் ஆத்தாளையும் இங்க கொண்டாந்து விடச் சொல்லு, முழுசாப் போட்டுக் காட்டுறேன்னாக. இது ஞாயமா, நீங்களே சொல்லுங்க. ஆத்தாளையும் அனுப்பிட்டு நான் கடியாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? முடியாதுன்னுட்டேன்.

ம்... ஆமா. நாந்தான் முடியாதுன்னேன். ஒரு காரு வச்சா அரை மணி நேரம். கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். அண்ணன் வீட்டுலயே வச்சு ஆத்தா கேட்டிருப்பாக. எனக்கு வீம்பு. அவுகளுக்கும் வீம்புதான், இல்லைங்கலை. ஆனா பக்கத்துல உக்காந்து ஆத்தா கேட்ட அந்தக் கேள்வியைத் தெனமும் காதால கேட்டவன் நான்.

இல்ல சித்தப்பா, இப்பப் போய் அவுககிட்டத் தட்டுக் கேக்கச் சொல்லலை. நேத்தும் ரெண்டாந்தட்டு வரைக்கும் போட்டேன். முடிஞ்சதும் ஆத்தா ஒண்ணும் கேக்கலை. தூங்கிட்டாகன்னு நெனச்சேன். காலையில தேனம்மை எழுப்பினா, எந்திரிக்கலை. வைத்தியர் வந்து கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, போயிட்டாகன்னுட்டாரு.

அழுகாதீக சித்தப்பா, நீங்களும் அழுதா நான் என்ன செய்வேன். பஸ்ஸை விட்டு நேரா வந்தேன்னது பொய், இதே ஊர்ல இருக்குற அண்ணன் தெருமுனை வரைக்கும் போயிட்டுத்தான் இங்க திரும்பி வந்தேன். ஏழு வருசமாப் பேசாத வாயி, என்னன்னு கூப்பிட? நீங்க ஒரு எட்டுப் போய்ச் சொல்லிருங்க. தட்டுக் கேட்டு வரலைன்னு மொதல்ல சொல்லுங்க, இல்லாட்டிக் கதவைத் திறக்க மாட்டாக. ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்கிறது இளையவன் நாந்தான், அதுக்கு அவுக வேணுங்கிறதில்லை. சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும்னு பங்காளியெல்லாம் அவசரப்படுத்துறாக. அவுக வராம நான் எடுக்க விட மாட்டேன்னு சொல்லுங்க.