பத்தொம்பதாம் நம்பர் ரத்தம்

...ரெண்டாவது தடவை குத்தறது என் தப்பில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். கையை நீட்டுங்கம்மா. அந்தக் கை வேணாம், அதுல நரம்பு கண்ணாமூச்சி ஆடும், போன தடவையே பாத்தேன். இது. விரலை மூடிக்கோங்க. எல்லாம் அந்த ஆராய்ச்சிப் பொண்ணு பண்ற கூத்து. வந்து அஞ்சு மாசம் ஆகல, அறுபத்திரண்டு பேரோட ரிசல்ட்டும் தப்பாம். அறுபத்திரண்டு பொம்பளைங்கள்ல ஒருத்திக்குக்கூட இரும்புச்சத்து குறையலைன்னா நம்ப முடியலையாம். ஏன், நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. இவளுக்கு என்ன வயித்தெரிச்சல்?

நான் இந்த லேப்ல இருபத்தாறு வருஷம். அவ பொறந்தே அவ்வளவு வருஷம் இருக்குமான்னு தெரியல. "ஆன்ட்டி இதை எப்படிச் செஞ்சீங்க, ஆன்ட்டி அதை எப்போ செஞ்சீங்க"ன்னு பின்னாடியே வர்றா, கையில ஒரு நோட்டு. நான் தும்முனா அதையும் எழுதிக்குவா. ...குத்தறப்ப பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்புங்க. ஆச்சு, அவ்வளவுதான்.

என்ன டெஸ்டுன்னா கேக்கறீங்க? போன தடவை யாரும் சொல்லலையா? அதான பாத்தேன். நோட்டு எழுதத் தெரியுது, வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. இங்க பாருங்க, நம்ம ரத்தத்துல இரும்பைச் சுமந்துட்டுப் போறதுக்குன்னே ஒண்ணு இருக்கு. பஸ்ஸுன்னு வெச்சுக்கோங்க. அதுல எத்தனை சீட்டு காலின்னு பாக்கறதுதான் டெஸ்டு. நாம அளந்து கொஞ்சம் இரும்பை உள்ள விடுவோம். சீட்டு கெடைச்சது உக்காந்துக்கும், கெடைக்காதது நிக்கும். நிக்கறதை மட்டும் மெஷின் எண்ணும். நிறைய நின்னா பஸ் ஏற்கனவே ரொம்பியிருக்கு, உடம்புல இரும்பு இருக்கு. ஒண்ணுமே நிக்கலைன்னா பஸ் காலி, ஆளுக்கு சோகை. இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ஆறு வருஷம் படிச்சாளாம்.

உங்களுக்கு ஏகப்பட்டது நின்னுது. எல்லாருக்கும் அப்படித்தான். என் மருமகளுக்கும்.

ஆமா, அவளும் இதுல ஒரு ஆளு. பத்தொம்பதாம் நம்பர். நான்தான் சேத்துவிட்டேன், அவ அக்கப்போர் தாங்காம. ரெண்டு மாடி ஏறுனா புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கறா. மத்தியானம் ஆனா படுத்துக்கறா. தலை சீவுனா சீப்பு முழுக்க முடி. அப்புறம் இதைக் கேளுங்க, ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ்கட்டியை எடுத்து கடக் கடக்னு கடிக்கறா. பல்லு கூசாதாடின்னா, "என்னவோ தெரியல அத்தை, கடிக்கணும்போல இருக்கு"ங்கறா. இது ஒரு பதிலா?

ரிசல்ட் வந்த அன்னிக்கே அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினேன். உன் ரத்தத்துல இரும்பு ரொம்பி வழியுது, சோம்பேறித்தனத்துக்கு எங்க லேப்ல டெஸ்ட் கிடையாதுன்னேன். என் பையன் சிரிச்சான். அவ யாரோ ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை வெச்சிருந்தா, அதையும் வாங்கி எடுத்து வெச்சுட்டேன். இருக்கறவளுக்கு எதுக்கு? மூணு மாசம் ஆச்சு. போன வாரம் படியேறும்போது பாதியில உக்காந்துட்டா, கண்ணு இருட்டுதாம். நல்லா நடிக்கறடின்னேன்.

...உங்களுக்கும் இருட்டுதா? எப்போலேர்ந்து? உங்க வேலையில நாள் பூரா கவுன்டர்ல நின்னா இருட்டத்தான் செய்யும். ம்... பஞ்சை நல்லா அமுக்கிப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க.

சரி, அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். நேத்து என்ன பண்ணினா தெரியுமா? கழுவி வெச்ச ட்யூப் ஒண்ணை எடுத்து, யார் ரத்தமும் விடாம, வெறும் சுத்திகரிச்ச கேன் தண்ணியும் எப்பவும் ஊத்தற மருந்தும் மட்டும் விட்டு மெஷின்ல வெச்சா. ஆளே இல்லாத ட்யூப்புக்கு இரும்பு நம்பர் வருது. எனக்கு சிரிப்பு தாங்கல. அவ சிரிக்கல. இரும்பு பட்டா கலர் காட்டற அந்த மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, மருந்து கம்பெனிக்கு இன்னிக்கு ஒரு கடுதாசி எழுதப் போறாளாம். எழுதட்டும். நான் வாயைத் திறக்கல. என்னை யார் கேட்டா?

கேக்கத்தான் கேட்டா. "ஆன்ட்டி, ட்யூப்பெல்லாம் முறைப்படிதான கழுவறீங்க?"ன்னா. இருபத்தாறு வருஷமா கழுவறேன்னேன். முறையாம் முறை. ஆசிட்ல ஒரு நாள் ஊறப்போடணுமாம், அப்புறம் கேன் தண்ணியில மூணு தடவை அலசணுமாம். அந்தக் கேன் எங்க இருக்கு? கீழ, ஸ்டோர்ல. லிஃப்ட் இருக்கா? இல்ல. இருபது லிட்டர் கேனை என் முழங்காலா தூக்கிட்டு வரும்? போன வருஷம்வரைக்கும் தூக்கினேன். அப்புறம் விட்டுட்டேன். இதோ, இந்தக் குழாய்த் தண்ணிக்கு என்ன குறைச்சல்? கண்ணாடி மாதிரி வருது. காலையில திறந்ததும் ஒரு நிமிஷம் மட்டும் கொஞ்சம் செவப்பா வரும், பழைய பைப்பு, அவ்வளவுதான்...

என்ன அப்படிப் பாக்கறீங்க?

செவப்புன்னா துரு. துருன்னா இரும்பு. தெரியும். உங்களுக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா? அந்தக் காலி ட்யூப்புக்கு நம்பர் வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நின்னுச்சு நின்னுச்சுன்னு மெஷின் எண்ணினது எல்லாம் இந்தக் குழாயிலேர்ந்து வந்தது.

நேத்து வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டின அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன். அவ அங்கயே நின்னு ஐஸ் எடுத்துட்டிருந்தா. கிழிச்சா ஏன்னு கேப்பாளேன்னு விட்டுட்டேன். எனக்கே என்னைப் பாத்தா கேவலமா இருக்கு. ஐஸ் கடிக்கத் தோணுனா அது சோகைன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன் நான். மருமகள்னதும் மறந்துபோச்சு.

...இருங்க, உங்க ரத்தத்தை அங்க விடக் கூடாது. அந்த ஸ்டாண்டுல இருக்கற ட்யூப் எல்லாம் இன்னிக்குக் காலையில கழுவினது. இதே குழாயிலதான். பேசாம விட்டிருந்தா இன்னிக்கும் உங்களுக்கு நல்லா இருக்குன்னுதான் வந்திருக்கும். அவளுக்கும்.

மருமகளையும் ரத்தம் குடுக்கப் பத்து மணிக்கு வரச்சொன்னேன். மணி இப்போ பத்தரை. வெளிய பெஞ்சுல பச்சை சுடிதார் போட்ட பொண்ணு யாராவது...? இல்லையா? ரெண்டு மாடி ஏறணுமே. எந்தப் படியில உக்காந்திருக்காளோ.

நான் கீழ போறேன். நீங்க பஞ்சை எடுக்காம அப்படியே அந்த ரூமுக்குப் போய், ஆராய்ச்சிப் பொண்ணைக் கடுதாசி எழுத வேணாம்னு சொல்லுங்க. யார் சொன்னதுன்னு கேட்டா, ட்யூப் கழுவறவ சொன்னான்னு சொல்லுங்க.