பொறி

பழைய வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் அதில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது, ஐயா. ஒரு ஒயர் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் எங்காவது கொஞ்சம் துரு ஏறியிருக்கும். மக்கள்தான் வீணாகப் பதறி எஞ்சினையே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். நான் பதறுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் பதறவில்லை. ஊரில் விசாரித்தால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

என் பெயர் ஸல்ஹா. தெற்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் பீர் ஸுவாயித் எங்கள் ஊர். அப்பா அங்கே வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்தார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அவருடைய பட்டறை அமைந்தது. அவர் போன பிறகு வீடும் சாம்பல் நிற பியூஜோ காரும் என் தம்பி லஸ்ஹருக்கு வந்தன. வண்டியும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். லஸ்ஹருக்கு அதை ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். நின்றுவிட்டால் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, "அக்கா!" என்று கத்துவான். அந்தக் கூப்பாட்டுக்குப் பதிலாகத்தான் அந்த வீட்டில் எனக்கு ஒரு தட்டு போட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

தம்பி மனைவி விதாத், ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெண். கெட்டவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, இந்த டப்பாவை மாப்பிள்ளை மாதிரி தினமும் குளிப்பாட்டுறீங்க? ராத்திரி போர்வையும் போத்தி விடுறீங்களா?" என்பாள். வீட்டுக்கு வந்த பெண்களெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் கோடையில் ஸ்ஃபாக்ஸில் அவளுடைய அண்ணன் கடையில் லஸ்ஹருக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போவதாக முடிவாயிற்று. தலைநகரிலிருந்து, பழைய வண்டிகள் சேர்க்கும் தூனிஸ்காரர் ஒருவர் பியூஜோவைக் கேட்டிருந்தார். சாமான்களை ஏற்றி அதிலேயே ஸ்ஃபாக்ஸ் போய், அங்கே அவரிடம் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். என்னிடமும் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள்.

"நீங்களும் வந்துடுங்கக்கா," என்றாள் விதாத். "பின்னாடி ஒரு ரூம் இருக்கு."

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்?"

"சும்மா இருங்க. இத்தனை வருஷம் கரி பூசிக்கிட்டது போதாதா?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த 'சும்மா இருங்க' என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

புறப்படுகிற அன்று காலை அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, விதாத்தின் அலங்காரப் பெட்டியிலிருந்து நெயில் பாலிஷ் புட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். நிறமில்லாத பாலிஷ். எஞ்சினுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒன்று உண்டு, ஐயா. அதில் இரண்டு சின்ன உலோக முனைகள். அவை தொடும்போது காயில் என்கிற கம்பிச்சுருளில் கரண்ட் ஓடும், விலகும்போது பிளக்கில் பொறி தெறிக்கும். முனைகளில் ஒரு பூச்சு பாலிஷ் காய்ந்திருந்தால், அவை தொட்டாலும் தொட்டது ஆகாது. கண்ணுக்கும் தெரியாது. புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டி கிளம்பாது. என்னைக் கூப்பிடுவார்கள். நான் கொஞ்ச நேரம் தேடிக் கண்டுபிடிப்பேன். இவள் இல்லாமல் இந்த வண்டியை நம்பி அவ்வளவு தூரம் போக முடியாது என்று லஸ்ஹருக்குப் புரியும். இதில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

தம்பி சாவியைத் தொடுவதற்கு முன்பே முற்றத்தில் அலறல் கேட்டது. சுவரோரம் கிடந்த பழைய கம்பளத்தை விதாத் உருவிப் போட்டிருக்கிறாள். அதன்மேல் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். நெஸ்ரீன், அவர்களுடைய ஒரே மகள், ஐந்து வயது. தடித்த வாலுள்ள கருந்தேள். தொடையில் கொட்டிவிட்டது. அந்தக் கம்பளத்தை நான் பல வருடங்களாக அசைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை என்றால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். விஷமுறிவு ஊசி தத்தாவீன் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வேகமாகப் போனால் பிழைத்துக்கொள்ளலாம். விதாத் குழந்தையை மடியில் போட்டுப் பின் சீட்டில் ஏறினாள். லஸ்ஹர் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான்.

"அக்கா!"

ஒரு நிமிட வேலை, ஐயா. மூடியைக் கழற்றி, சின்ன அரத்தால் அந்த முனைகளை ஒரு தடவை தேய்த்தால் முடிந்தது. அரம் என் பையிலேயே இருந்தது.

ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே கை வைத்தால் என்ன நினைப்பார்கள்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டார்களா? கோளாறு தேடுகிறவள் பாட்டரியில்தான் ஆரம்பிப்பாள். நானும் பாட்டரியில் ஆரம்பித்தேன். முனைகளைக் கழற்றி, சுரண்டி, மாட்டினேன். எர்த் ஒயரைப் பார்த்தேன். ஃபியூஸைப் பார்த்தேன்.

அன்று சந்தை நாள். ஊரிலிருந்த மற்ற இரண்டு வண்டிகளும் விடியும் முன்பே போய்விட்டன. டெலிபோன் உள்ள கடை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஸாலிம், ஏதாவது வண்டியை மறித்துக் கொண்டுவருகிறேன் என்று மொபெட்டில் மெயின் ரோட்டுக்கு விரைந்தார்.

காயிலில் டெஸ்ட் விளக்கை மாட்டி லஸ்ஹர் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, நான் சாவியைத் திருப்பினேன்.

"எரியுதுக்கா! எரியுது!"

"விட்டு விட்டு எரியுதா?"

"இல்ல, நல்லா நின்னு எரியுது."

"அப்ப கரண்ட் வருது. நல்லது. அடுத்ததைப் பாப்போம்."

எஞ்சின் சுற்றும்போது அந்த விளக்கு மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். நின்று எரிந்தால் பாயிண்ட் சேரவில்லை என்று அர்த்தம். விளக்கு அவன் முகத்துக்கு நேராகவே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

பிறகு பிளக்குகள். இந்த வண்டியில் அவை ஆழமான குழிக்குள் இருக்கும், நீளமான ஸ்பானர் வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, இடைவெளி பார்த்து மாட்டினேன். ஒரு வாஷர் கீழே விழுந்து உருண்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்தேன். நல்ல வேலைக்காரி வாஷரைத் தொலைக்க மாட்டாள்.

குழந்தைக்கு வியர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தாள். கை கால்கள் தானாகத் துள்ளின. நடுவில் கொஞ்சம் தெளிந்தபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"அத்தை, வண்டி தூங்குதா?"

"ஆமாடா கண்ணு. எழுப்பிக்கிட்டு இருக்கேன்."

விதாத் கதவைத் திறந்து என் பாவாடையைப் பிடித்தாள். "உங்க காலைப் பிடிக்கிறேன்கா. நீங்கதான். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? சீக்கிரம்கா."

அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இன்னொரு முறை அவள் அப்படிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"சரிவுல தள்ளிப் பாப்போம்," என்றேன். பொறியே இல்லாத வண்டியைத் தள்ளி எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். குழந்தையைச் சீட்டில் கிடத்திவிட்டு விதாத்தும் இறங்கித் தள்ளினாள். வெறுங்காலோடு தள்ளினாள். வண்டி சரிவின் அடிவரை போய்ச் சும்மா நின்றது.

அப்போதுதான் மேட்டுக்கு அப்பால் லாரிச் சத்தம் கேட்டது. ஸாலிம் ஒருவரை மறித்துவிட்டார். அது வந்துவிட்டால் குழந்தையை அதில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவின் வண்டி ஆபத்துக்கு உதவாத டப்பா என்று ஆகிவிடும். நான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, முனைகளை அரத்தால் தேய்த்தேன்.

"கண்டுபிடிச்சுட்டேன். திருப்புடா."

முதல் திருப்பிலேயே பிடித்தது. லஸ்ஹர் அழுதுகொண்டே என் நெற்றியில் முத்தமிட்டான். லாரி ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டது. வழி நெடுக எஞ்சின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. குழந்தை அமைதியாகிவிட்டாள். "பாரு, வலி குறைஞ்சிடுச்சு," என்று விதாத்திடம் சொன்னேன்.

டாக்டர் நல்ல மனிதர். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், என்று மட்டும் சொன்னார். மத்தியானத் தொழுகைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைத்தான் புகழ்ந்தார்கள். ஸல்ஹா நடுங்கவில்லை, கடைசிவரை போராடினாள் என்றார்கள். நாற்பது நாளும் விதாத் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். மகளைப் புதைத்த ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தம்பி ஸ்ஃபாக்ஸ் வேலையை விட்டுவிட்டான். வண்டியும் வாசலிலேயே நின்றது. எனக்கு யார் மேலும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. நெஸ்ரீனை நினைத்து நானும் அழுதேன், அது பொய் அழுகை இல்லை.

குளிர்காலத்தில் தூனிஸ்காரர் மறுபடி ஆள் அனுப்பினார். வந்தவன் ரிதா என்று ஓர் இளம் மெக்கானிக். லஸ்ஹர் அவனுக்குக் காபி கொடுத்து, அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"விளக்கு நின்னு எரிஞ்சுதா?" என்று கேட்டான் அவன். "அப்பவே தெரிஞ்சிருக்கணுமே. பாயிண்ட்தான். கத்துக்குட்டிகூட ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருப்பான். யாரு பாத்தது?"

"எங்க அக்கா."

அவன் என் பக்கம் திரும்பினான். "பாவம், அவங்களுக்குத் தெரியல. விடுங்க."

வாசற்படியில் விதாத் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மற்ற பெண்களிடம் பேசினாள். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியும் தெரியும்னு இத்தனை வருஷம் நம்பினோம். அதுல என் பிள்ளையைக் கொடுத்துட்டேன்," என்றாள். வண்டியை விற்கவில்லை, ஆனால் அது நின்றால் இப்போது லஸ்ஹர் வேறு ஊருக்கு ஆள் அனுப்புகிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா. உனக்குத் தெரியாம நடந்தது, நீ என்ன பண்ணுவ?" என்று என்னை மன்னிக்கவும் செய்தான்.

அவன் மன்னித்த மறுநாள் பஸ் ஏறி நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். நீங்கள் என்ன குற்றம் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கோளாறு எங்கே என்று அன்றைக்கு அந்த ஊரிலேயே தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.